சமையற்கட்டில் ஒரு சான்றிதழ்: உணவகத் தொழிலாளர் பயிற்சியின் பயனும் எல்லையும்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017இல் ‘ஃபோஸ்டாக்’ என்ற பெயரில் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. மத்திய உரிமமோ மாநில உரிமமோ பெற்று இயங்கும் ஒவ்வோர் உணவு நிறுவனமும், தன்னிடம் பணியாற்றும் 25 உணவுக் கையாளுநருக்கு ஒருவர் என்ற விகிதத்தில், பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்ற ‘உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்’ ஒருவரையேனும் வைத்திருக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் மையக் கருத்து. உணவுக் கையாளுநர் என்ற சொல் இங்கே விரிந்த பொருளில் ஆளப்படுகிறது: அடுப்படியில் நிற்கும் மாஸ்டர் மட்டுமல்லாமல், காய் நறுக்குபவர், மாவு அரைப்பவர், பரிமாறும் சப்ளையர், மேசை துடைப்பவர், பாத்திரம் கழுவுபவர் என உணவையோ உணவு படும் பரப்பையோ தொடும் அனைவரும் அதில் அடங்குவர். சில மணி நேர வகுப்பு, ஒரு தேர்வு, சுவரில் மாட்டத்தக்க ஒரு தாள் ஆகிய மூன்றும் சேர்ந்து உண்பவரின் உடல்நலத்துக்கு எந்த அளவுக்குப் பொறுப்பேற்க முடியும் என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா. பயிற்சி வீண் என்று கூறச் சான்றுகள் இடம் தரவில்லை. ஆனால் கற்றதைச் செய்வதற்கான நேரம், கருவி, ஊதியம், அதிகாரம் ஆகியவை உரிமையாளரின் கையில் இருக்கும்போது, தொழிலாளியின் பெயரில் மட்டும் வழங்கப்படும் சான்றிதழ் பாதி வேலையைத்தான் செய்யும் என்பதை இத்துறையின் வரலாறும் ஆய்வுகளும் ஒருசேர உணர்த்துகின்றன.

உடலைச் சோதித்த காலம்

சமைப்பவரைக் கண்காணிக்க முற்பட்ட அரசுகள் தொடக்கத்தில் அவருடைய உடலையே சோதித்தன. இதற்கு வழிகாட்டிய நிகழ்வாக மேரி மேலனின் வாழ்க்கை பொதுச் சுகாதார வரலாற்றில் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறி, நியூயார்க் வட்டாரத்துச் செல்வந்தர் வீடுகளில் சமையல் வேலை பார்த்த அவர், நோயின் அறிகுறி எதுவும் இல்லாமலேயே டைஃபாய்டுக் கிருமியைச் சுமந்து பரப்பியவர். இத்தகையோரை மருத்துவம் ‘நோய்க்கடத்தி’ என்று அழைக்கிறது. 1906இல் ஆய்ஸ்டர் பே என்னும் ஊரில் ஒரு வீட்டில் பரவிய டைஃபாய்டை ஆராய்ந்த ஜார்ஜ் சோப்பர் என்பவர், அங்கே சமைத்த மேரி முன்பு வேலை பார்த்த வீடுகளிலும் அதே நோய் தொடர்ந்திருப்பதைக் கண்டறிந்ததன் பேரில், 1907இல் மேரி தனிமைப்படுத்தப்பட்டார். இனிச் சமையல் வேலைக்குப் போவதில்லை என்ற உறுதிமொழியின் பேரில் 1910இல் விடுவிக்கப்பட்ட அவர், குறைந்த கூலி கிடைத்த சலவை வேலையில் நிலைக்க முடியாமல், பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் சமையலுக்கே திரும்பினார். 1915இல் நியூயார்க்கின் ஒரு மகளிர் மருத்துவமனையில் 25 பேருக்கு டைஃபாய்டு வந்து, இருவர் இறந்ததை அடுத்து அவர் மீண்டும் பிடிக்கப்பட்டு, 1938இல் இறக்கும்வரை தீவொன்றில் அடைத்துவைக்கப்பட்டார்.

இந்நிகழ்விலிருந்து அரசுகள் எடுத்துக்கொண்ட பாடம் மருத்துவச் சோதனை. உணவகத்தில் வேலைக்குச் சேர்பவர் மலப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டு மருத்துவரிடம் சான்று பெற வேண்டும் என்ற வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் வேரூன்றியது. அந்த வழக்கத்தின் பயனை ஆராய்வதற்காக உலக சுகாதார நிறுவனம் 1988இல் கூட்டிய வல்லுநர் குழு, தன் அறிக்கையை 1989இல் வெளியிட்டபோது, நோயைத் தடுக்கும் வழியாக இவ்வழக்கமான பரிசோதனைகளைப் பரிந்துரைக்க இயலாது என்ற முடிவுக்கு வந்திருந்தது. இன்று நலமாக இருப்பவர் நாளை நோயுறலாம். கிருமியைச் சுமப்பவரின் மலத்தில்கூட அது எல்லா நாளும் வெளிப்படுவதில்லை. ஆகவே ஆண்டுக்கொரு முறை எடுக்கும் பரிசோதனை அந்த ஒரு நாளின் நிலையை மட்டுமே காட்டும். ஆயினும் இவ்வழக்கம் மறையவில்லை. இந்தியாவின் 2011ஆம் ஆண்டு உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, உணவுக் கையாளுநர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையையும் குடல் காய்ச்சல் வகை நோய்களுக்கு எதிரான தடுப்பூசியையும் இன்றும் வலியுறுத்துகிறது; கேரள அரசு 2023இல் உணவகத் தொழிலாளர் அனைவருக்கும் சுகாதார அட்டையைக் கட்டாயமாக்கியது. மேரி மேலனின் வாழ்க்கையில் இருந்த மற்றொரு பாடம், அதாவது வேறு பிழைப்புக்கு வழி செய்யாமல் விதிக்கப்படும் தடை நோயை மறைக்கவே தூண்டும் என்பது, நெடுங்காலம் கவனிக்கப்படாமலே போயிற்று.

அறிவைச் சோதிக்கும் காலம்

உடற்சோதனை போதாது என்பது தெளிவானபோது கவனம் சமையல் முறையின்மீது திரும்பியது. 1960களில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கான உணவைத் தயாரித்த பில்ஸ்பரி நிறுவனம், நாசாவோடும் அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடத்தோடும் இணைந்து ஒரு புதிய முறையை வகுத்தது. செய்து முடித்த உணவைச் சோதித்துப் பார்ப்பதற்கு மாறாக, ஆபத்து எந்தெந்தப் படியில் நுழையக்கூடும் என்று முன்கூட்டியே கணித்து, அந்தப் படிகளில் வெப்பநிலை, நேரம் போன்ற அளவுகளைத் தொடர்ந்து கண்காணிப்பதே அம்முறை. ‘இடர்ப் பகுப்பாய்வு மற்றும் முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள்’ என்று பெயர் பெற்ற அதனைப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1993இல் தன் வழிகாட்டுதல்களில் சேர்த்தது. கண்காணிக்க வேண்டிய புள்ளிகள் சமையற்கட்டுக்குள்ளேயே இருந்தமையால், அங்கே நிற்பவருக்கு அவற்றைப் பற்றிய அறிவு இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அதே 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ‘ஜாக் இன் த பாக்ஸ்’ என்னும் துரித உணவகத் தொடரின் ஹாம்பர்கர்களை உண்ட 700க்கும் மேற்பட்டோர் ஈ.கோலை ஓ157:எச்7 என்ற கிருமியால் நோயுற்றனர்; நான்கு குழந்தைகள் இறந்தனர். அரைத்த இறைச்சி போதிய வெப்பத்தில் வேகாததே காரணம். வாஷிங்டன் மாநிலம் சுமார் 68 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்று விதித்திருந்தும், அந்நிறுவனம் 60 டிகிரி என்ற பழைய கூட்டாட்சி அளவையே பின்பற்றிவந்தது. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது: இறைச்சி எவ்வளவு வேக வேண்டும் என்பதை முடிவு செய்தது தோசைக்கல் போன்ற அந்த இரும்புத் தட்டின் முன் நின்ற இளைஞரின் அறியாமை அன்று, தலைமையகம் வகுத்துக் கொடுத்திருந்த அளவு. அதே ஆண்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தன் மாதிரி ‘உணவு விதித்தொகுப்பை’ வெளியிட்டது. பின்வந்த பதிப்புகளில், பணிநேரத்தில் பொறுப்பில் இருப்பவர் அங்கீகரிக்கப்பட்ட தேர்வில் தேறிய மேலாளராக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு படிப்படியாக இறுகியது.

சிங்கப்பூரின் அனுபவம் தமிழ் வாசகருக்கு நெருக்கமானது. 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இருந்த ஓர் இந்திய ரோஜாக் கடையில் உண்ட 154 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். வறுத்த பண்டங்களையும் கடலுணவையும் துண்டுபோட்டுக் காரக் குழம்போடு பரிமாறும் ரோஜாக், அந்நாட்டுத் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கைப்பக்குவத்தோடு பிணைந்த உணவு. பச்சைக் கடலுணவிலிருந்த விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற கிருமி, சமைத்து முடித்த பண்டத்துக்குத் தாவியதே இந்நிகழ்வின் காரணமாகக் கருதப்பட்டது. அடிப்படை உணவுச் சுகாதாரப் பயிற்சி அங்கு உணவுக் கையாளுநர்களுக்கு ஏற்கெனவே கட்டாயமாக இருந்தது. 2019இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் உணவு முகமை, சான்று பெற்றவரும் ஐந்தாம் ஆண்டில் ஒரு முறையும், அதன்பின் பத்தாண்டுக்கு ஒரு முறையும் மறுபயிற்சி பெற வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஒரு முறை தேறியவர் என்றென்றைக்கும் தேறியவர் ஆகார் என்பதே இந்த ஏற்பாட்டின் உட்பொருள்.

வகுப்பில் கற்பிக்கப்படுவது

உலகின் எந்த மூலையில் நடந்தாலும் இவ்வகுப்புகளின் சாரம் ஏறத்தாழ ஒன்றே. உலக சுகாதார நிறுவனம் 2001இல் அதை ஐந்து அறிவுரைகளாகச் சுருக்கித் தந்தது: சுத்தம் பேணுதல், பச்சைப் பொருளையும் சமைத்ததையும் பிரித்து வைத்தல், முழுமையாக வேகவைத்தல், உணவைப் பாதுகாப்பான வெப்பநிலையில் வைத்தல், பாதுகாப்பான நீரையும் மூலப்பொருளையும் பயன்படுத்துதல். இவற்றுள் பொது அறிவால் எட்டிவிடக் கூடியவை சில. பயிற்சியின்றி விளங்காதவை வேறு சில. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகுவதால் அதை ‘ஆபத்து மண்டலம்’ என்பர். நன்றாகக் கொதித்த சோற்றிலும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைத்துகள்கள் சாகாமல் எஞ்சியிருக்கும். அண்டா நிறைய வடித்து அறை வெப்பத்தில் விடப்பட்ட சோற்றில் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அவ்வாறு உண்டான வாந்தி நச்சு, சோற்றைத் திரும்பச் சுடவைப்பதால் அழிவதில்லை. விரலில் புண்ணோ கட்டியோ உள்ளவரின் கையிலிருந்து உணவுக்கு வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் நச்சும் இத்தகையதே. ‘சுடவைத்தால் சரியாகிவிடும்’ என்ற சமையற்கட்டு நம்பிக்கை தவறும் இடம் இது.

ஆறவைத்தல் பற்றிய பாடமும் இதையொட்டியதே. அமெரிக்க விதித்தொகுப்பின்படி, சமைத்த உணவு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், தொடக்கத்திலிருந்து மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும். ஆழமான அண்டாவில் இருக்கும் குருமா அப்படி இறங்காது என்பதால், அதை அகலமான தட்டுகளில் பிரித்து ஊற்றும்படி கற்பிக்கிறார்கள். தென்னிந்தியாவில் பரவியுள்ள ஷவர்மா இப்பாடங்கள் அனைத்தும் ஒரே இடத்தில் தேவைப்படும் உணவு. சுழலும் கம்பியில் அடுக்கிய இறைச்சியின் வெளிப்புறம் வெந்தாலும் உட்புறம் பச்சையாகவே இருக்கும். மேலாக வேகமாகச் சீவும்போது வேகாத இறைச்சியும் சேர்ந்து வரும். இரவில் மிஞ்சிய குவியலை மறுநாளும் ஏற்றினால் ஆபத்து பன்மடங்காகும். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்துச் செறுவத்தூரில் 2022 மே மாதம் ஷவர்மா உண்ட பலர் நோயுற்று, 16 வயது மாணவி ஒருவர் இறந்தபோது, ஷிகெல்லா என்ற கிருமி கண்டறியப்பட்டது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடைசெய்ததும், சால்மோனெல்லா உள்ளிட்ட கிருமிகள் அதில் எளிதில் பெருகும் என்ற காரணத்தாலேயே. தடை ஒரு பண்டத்தை மட்டும் விலக்குகிறது; பண்டங்களின் குணத்தை அறிந்து கையாளும் திறன் பயிற்சியால்தான் வரும்.

இந்திய ஏற்பாடு

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம், பெயருக்கேற்ப, கலப்படம் செய்யும் வணிகரைக் குற்றவாளியாகக் கண்டு தண்டிப்பதை நோக்கமாகக் கொண்டிருந்தது. அதன் இடத்தைப் பிடித்த 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2011 ஆகஸ்ட் 5 முதல் அதன் விதிகளோடு நடைமுறைக்கு வந்தபோது, தவறு நிகழாமல் தடுப்பதற்கும் இடம் அளித்தது. உணவுத் தொழிலில் ஈடுபடுவோருக்கும் ஈடுபட விரும்புவோருக்கும் பயிற்சி அளிப்பதை அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு ஆணையத்தின் கடமைகளுள் ஒன்றாக்குகிறது. சுகாதாரமற்ற நிலையில் உணவு தயாரிப்போருக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை தண்டம் விதிக்க 56ஆம் பிரிவு வழிசெய்கிறது. இந்தச் சட்டகத்துக்குள்தான் ஃபோஸ்டாக் பொருந்துகிறது. உணவு பரிமாறும் தொழில், தயாரிப்பு, சேமிப்பும் போக்குவரத்தும், சில்லறை விற்பனை எனத் துறைவாரியாகவும், தொடக்கநிலை, மேல்நிலை, சிறப்பு நிலை எனப் படிவாரியாகவும் அதன் வகுப்புகள் பிரிக்கப்பட்டுள்ளன. தள்ளுவண்டி, கையேந்தி பவன் வகையைச் சேர்ந்த தெருவோர வணிகருக்குத் தனி வகுப்பும் உண்டு. வகுப்பைப் பொறுத்து 4 முதல் 12 மணி நேரம்வரை நீளும் இப்பயிற்சியை ஆணையம் பட்டியலிட்ட பயிற்சி நிறுவனங்கள் நடத்துகின்றன. சான்றிதழ் இரண்டாண்டுகளுக்குச் செல்லும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல முடிவும் ஓர் அடிப்படைக் குறையும் அருகருகே உள்ளன. ஒவ்வொரு தொழிலாளியையும் தேர்வெழுத வைக்காமல், அறிந்த ஒருவரைச் சமையற்கட்டில் நிறுத்தி, அவர் வழியாக மற்றவருக்கு அறிவைக் கொண்டுசெல்வது நடைமுறைக்கு உகந்தது. ஆனால் அந்த ஒருவர் யார் என்பது உரிமையாளரின் விருப்பம். கல்லாவில் அமர்ந்திருக்கும் மேலாளர் சான்றிதழ் பெற்று, அடுப்படிக்கு வராமலே இருந்தாலும் தாளில் விகிதம் நிறைவுபெற்றுவிடும். தமிழக உணவகங்களின் சமையற்கட்டுகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்து வந்த தொழிலாளர் பெருமளவில் உள்ள இக்காலத்தில், மேற்பார்வையாளர் தமிழில் கற்றதை ஒடியாவோ இந்தியோ பேசும் உதவியாளருக்கு எப்படிக் கடத்துவார் என்ற கேள்விக்கு விகிதக் கணக்கில் விடை இல்லை. சில மாதங்களிலேயே கடை மாறிவிடும் தொழிலாளர் நிறைந்த தொழிலில், பயிற்சி பெற்றவர் வெளியேறியதும் அறிவும் அவரோடு வெளியேறுகிறது.

ஆய்வுகள் காட்டுவது

பயிற்சியால் நோய் குறைகிறதா என்ற கேள்விக்கு அமெரிக்க ஆய்வுகள் ஓரளவு தெளிவான விடையைத் தருகின்றன. உணவுவழி நோய் பரவிய உணவகங்களையும் பரவாத உணவகங்களையும் ஒப்பிட்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வு, சான்று பெற்ற சமையற்கட்டு மேலாளர் இருந்தமை நோய் பரவாத உணவகங்களில் 71 விழுக்காடாகவும், பரவிய உணவகங்களில் 32 விழுக்காடாகவும் இருந்ததைப் பதிவு செய்தது. ஒப்பீட்டிலிருந்து காரணத்தை உறுதியாகச் சொல்லிவிட முடியாது; நன்கு நடத்தப்படும் உணவகமே சான்று பெற்ற மேலாளரையும் வைத்துக்கொள்ளக்கூடும். எனினும் வேறுபாடு புறந்தள்ள முடியாத அளவுக்குப் பெரியது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையத்தின் கூட்டுப்பணியில் நடந்த மற்றோர் ஆய்வு, தொழிலாளர் கை கழுவ வேண்டிய தருணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே கை கழுவ முற்பட்டதை நேரில் பார்த்துக் கணக்கிட்டது. அதன் தொடர்ச்சியாக எப்போது கழுவினர், எப்போது விட்டனர் என்று ஆராய்ந்தபோது கிடைத்த விடை கூர்ந்து நோக்கத்தக்கது. உணவகம் தொழிலாளருக்குப் பயிற்சி அளித்திருந்தபோது கை கழுவுதல் கூடியது. கழுவும் தொட்டிகள் ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தபோதும், தொட்டி தொழிலாளியின் பார்வையில் படும் இடத்தில் இருந்தபோதும் கூடியது. வேலை நெருக்கடி மிகுந்தபோதும் கையுறை அணிந்திருந்தபோதும் குறைந்தது. குழாய் எங்கே இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தைச் சமாளிக்க எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பவை தொழிலாளி எழுதும் தேர்வில் இடம்பெறாதவை; அவற்றைத் தீர்மானிப்பவர் உரிமையாளர்.

நோயோடு வேலைக்கு வருதல் இதைவிடக் கடினமான சிக்கல். வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ளவர் அவை நின்று குறைந்தது 24 மணி நேரம் கடக்கும்வரை வேலைக்கு வரக் கூடாது என்பது அமெரிக்க விதி. பிரிட்டனில் 48 மணி நேரம் என்கிறார்கள். விதியைத் தொழிலாளர் அறியாமல் இல்லை. ஆயினும் 2017 முதல் 2019 வரையிலான 800 நோய்ப்பரவல்களைப் பற்றி நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில், காரணிகள் அடையாளம் காணப்பட்ட பரவல்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டில், நோயுற்ற தொழிலாளி வழியே உணவு மாசுபட்டமை ஒரு காரணியாக இருந்தது. ஊதியத்துடன் கூடிய நோய்விடுப்பை ஒரு தொழிலாளிக்கேனும் அளித்ததாகக் கூறிய உணவகங்கள் பாதிக்கும் குறைவு. அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு வீட்டில் படுத்திருப்பது வருமான இழப்பு என்பதால், வகுப்பில் கற்ற பாடம் வயிற்றுப்பாட்டின் முன் தோற்கிறது. மேரி மேலனின் காலத்தில் கவனிக்கப்படாத பாடம் இதுவே.

செலவும் அதிகாரமும்

பயிற்சிச் செலவு யாருடையது என்ற கேள்வியும் இதோடு இணைந்தது. கலிஃபோர்னியா மாநிலம் 2010இல் இயற்றிய சட்டத்தின்படி உணவகத் தொழிலாளர் மூன்றாண்டு செல்லத்தக்க ‘உணவுக் கையாளுநர் அட்டை’ பெற வேண்டியிருந்தது. கட்டணத்தைப் பெரும்பாலும் தொழிலாளரே செலுத்திவந்தனர். இத்துறையில் முன்னணியில் உள்ள ‘சர்வ்சேஃப்’ என்னும் பயிற்சியின் உரிமை அமெரிக்கத் தேசிய உணவகச் சங்கத்திடம் இருப்பதையும், குறைந்தபட்ச ஊதிய உயர்வை எதிர்த்து வாதிடும் அச்சங்கத்துக்கே தொழிலாளர் கட்டிய கட்டணம் போய்ச் சேர்வதையும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2023 ஜனவரியில் வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டில் கலிஃபோர்னியா நிறைவேற்றிய மற்றொரு சட்டம், 2024 ஜனவரி 1 முதல் கட்டணத்தை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்றும், பயிற்சி நேரத்துக்கு ஊதியம் தர வேண்டும் என்றும், அட்டை இருந்தால்தான் வேலை என்று நிபந்தனை விதிக்கக் கூடாது என்றும் ஆணையிட்டது.

பணத்தைவிட ஆழமானது அதிகாரத்தின் கேள்வி. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. எண்ணெய் சரியாக இல்லை என்று சமையல் செய்த பெண் சொன்னதாகவும், அவருடைய சொல் பொருட்படுத்தப்படவில்லை என்றும் அக்காலச் செய்திகள் பதிவு செய்துள்ளன. தலைமையாசிரியர் 2016இல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். சமைத்தவரிடம் சான்றிதழ் இருந்திருந்தாலும் அவர் அறிந்திருக்கக்கூடியது அதுவேதான். அறிந்ததைச் சொல்லவும் செய்தார். அடுப்பை அணைக்கும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை.

ஆகவே ஃபோஸ்டாக் போன்ற திட்டங்கள் அடுத்த கட்டத்துக்குச் செல்ல வேண்டுமானால், எத்தனை பேருக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பெருக்குவது மட்டும் போதாது. பயிற்சிக் கட்டணமும் பயிற்சி நேரத்துக்கான ஊதியமும் உரிமையாளரின் பொறுப்பு எனத் தெளிவாக எழுதப்பட வேண்டும். தொழிலாளி பேசும் மொழியில் வகுப்பும் தேர்வும் அமைய வேண்டும். சான்று பெற்ற மேற்பார்வையாளர் பணிநேரத்தில் சமையற்கட்டில் இருக்கிறாரா என்பதையும், கை கழுவும் தொட்டி, வெப்பமானி, நோய்விடுப்பு ஆகியவை நடைமுறையில் உள்ளனவா என்பதையும் உணவுப் பாதுகாப்பு அலுவலரின் ஆய்வுப் படிவம் கேட்க வேண்டும். கெட்டுப்போன பொருளைச் சமைக்க மறுக்கும் தொழிலாளியை வேலையை விட்டு நீக்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பு வேண்டும். இந்த ஏற்பாடுகள் இல்லாத உணவகத்தில் மாட்டப்பட்டிருக்கும் சான்றிதழ், தொழிலாளி ஒரு நாள் வகுப்புக்குப் போய்வந்தார் என்பதற்கு மட்டுமே சான்று.